பிள்ளையின் மூட்டு வலியும் வீட்டுப் பசுவும்



நூற்றாண்டு விழாவில் பாட்டும் நடனமும் பார்க்க வந்தவர்களிடம் காய்ச்சலையும் மாட்டையும் பற்றிப் பேசப் போகிறோம். வைத்தியரை மேடையேற்றினால் இப்படித்தான் நடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்வெளியிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்தவர்கள் நாம். லயத்துக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டில், பள்ளிக்கூடம் புறப்படும் முன் ஒரு கட்டுப் புல், வாசலில் அளந்து ஊற்றும் பால் போத்தல், இவற்றை அறியாதவர்கள் இந்த மண்டபத்தில் குறைவு. கொழுந்துச் சம்பளம் வயிற்றுக்கும், பால் காசு கொப்பிக்கும் சப்பாத்துக்கும் என்று படித்தவர்கள் பலர். அந்த மாட்டிடமிருந்தே பிள்ளைக்கு வரக்கூடிய ஒரு நோய் இருக்கிறது. அதன் பெயர் புரூசெல்லோசிஸ்.

மாட்டில் இதைக் கன்று வீச்சு நோய் என்பார்கள். சினை மாடு மாதம் நிறையும் முன்னே கன்றை வீசிவிடும். வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் பாலிலும் கிருமி இருக்கும். வெறுங்கையால் அதை அள்ளிப் போடுபவர்களுக்கும், பாலைக் காய்ச்சாமல் குடிப்பவர்களுக்கும் தொற்றும். ஆட்டிலிருந்து வரும் வகை இன்னும் கடுமையானது.

இந்தக் கிருமியைக் கண்டறிந்த கதையில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். பெண்கள் பாடசாலையில் அதைச் சொல்லாமல் போக மனமில்லை. 1887இல் மால்டாத் தீவில், இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தவர் டேவிட் புரூஸ். நுண்ணோக்கி வேலையில் அவருக்குத் துணை நின்றவர் மனைவி மேரி. 1905இல் தெமிஸ்டொக்லிஸ் சம்மித் என்ற மால்டா வைத்தியர் அது ஆட்டுப் பாலால் வருகிறது என்று காட்டினார். படை வீரர்களுக்கு ஆட்டுப் பாலை நிறுத்தியதும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. அதன் பின்னர்தான் அலிஸ் எவன்ஸ் வருகிறார். முதலில் நம் ஆசிரியைகளைப் போலப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், பிறகு அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பால் பிரிவில் நுண்ணுயிர் ஆய்வாளரானார். மாட்டுக் கிருமியும் மால்டா ஆட்டுக் கிருமியும் நெருங்கிய உறவு, ஆகவே காய்ச்சாத பசும்பாலும் ஆபத்து என்று 1918இல் எழுதினார். கலாநிதிப் பட்டம் இல்லாத ஒரு பெண்ணின் பேச்சைப் பெரியவர்கள் பலர் ஏற்கவில்லை. 1922இல் அதே நோய் அவரையே பிடித்து, ஆண்டுக்கணக்கில் வாட்டியது. 1928இல் அமெரிக்க பக்டீரியாவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். பாலைச் சூடாக்கி விற்க வேண்டும் என்ற சட்டங்களும் மெல்ல மெல்ல வந்தன.

இலங்கையில் மனிதருக்கு இந்நோய் அரிதாகவே பதிவாகிறது. மாடுகளிலும் எருமைகளிலும் இருப்பதோ வெகு காலமாகத் தெரிந்த விடயம். மனிதரில் அரிது என்பதால் வைத்தியர்களாகிய எங்கள் மனதிலும் அது கடைசியாகத்தான் வருகிறது. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மேல் பிரிவு லயத்தில் ஒன்பது வயதுப் பையன். இரண்டு மூன்று வாரமாக மாலையில் காய்ச்சல், இரவில் தலையணை நனையும் வியர்வை. காலையில் தேறி ஓடுவான். சாப்பாடு பிடிக்காது, மெலிவான். பிறகு ஒரு நாள் காலை இழுத்து நடப்பான். விழுந்திருப்பான் என்பார் தாத்தா, வளரும் வலி என்பார் பக்கத்து வீட்டுக்காரர். எண்ணெய் தடவுவார்கள். தோட்டத்து மருந்தகத்தில் பனடோல் கிடைக்கும். வளரும் வலி என்றால் இரு காலிலும் இரவில் வலித்துக் காலையில் மறைந்துவிடும். காய்ச்சலோடு ஒரே காலை இழுப்பது வளரும் வலி ஆகாது.

இந்நோய் உடலின் ஓரிடத்தில் குடிகொள்ளும்போது பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது எலும்பையும் மூட்டையும்தான். வளர்ந்தவர்களில் முதுகெலும்பும், அது இடுப்போடு சேரும் மூட்டும் அதிகம் பாதிக்கப்படும். பிள்ளைகளில் பெரும்பாலும் ஒற்றை மூட்டு, குறிப்பாக இடுப்பு அல்லது முழங்கால், சிலருக்குக் கணுக்கால். சாதாரண சீழ் மூட்டைப் போலச் சிவந்து கொதிக்காமல் மெதுவாக வீங்கும். ஆரம்ப எக்ஸ்-றேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

அதனால் வேறு பெயர்கள் சூட்டப்படும். வாதக் காய்ச்சல் என்று நினைத்தால் மாதாந்தப் பெனிசிலின் ஊசி தொடங்கும், இக்கிருமிக்கு அது பயன்படாது. காசநோய் என்று நினைத்தால் அந்த மருந்துகளில் ரிஃபாம்பிசினும் இருப்பதால் பிள்ளை சற்றுத் தேறும், பிறகு திரும்ப விழும். சிறுவர் மூட்டழற்சி என்று நினைத்து ஸ்டெரொயிட் கொடுத்தால் நோயை மறைத்துவிடக்கூடும். இரத்தப் புற்றுநோயும் இதே முகத்தோடு வரும் என்பதால் அதையும் தேட வேண்டியிருக்கிறது. பிள்ளை காலை ஊன்றவே மறுத்தால், கடும் காய்ச்சலும் இருந்தால், எந்தப் பெயரையும் யோசிக்காமல் அன்றைக்கே பதுளைக்குக் கொண்டு வாருங்கள். இடுப்பு மூட்டில் சீழ் இருந்தால் ஒரு நாள் தாமதமும் பெரிது.

கர்நாடகத்தின் பீஜாப்பூரில் 14 வயதுக்கு உட்பட்ட 5726 பேரின் இரத்தத்தை இந்நோய்க்காகச் சோதித்து, 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 93 பிள்ளைகளுக்கு நோய் இருந்தது. பலருக்குக் காய்ச்சல் மட்டுமே. சிலருக்குக் காய்ச்சலே தெரியாமல் மூட்டு வலி மட்டும். அங்கே தேடினார்கள், கிடைத்தது.

தேடுவதற்கு ஒரு கேள்வி போதும். வீட்டில் மாடோ ஆடோ இருக்கிறதா, கன்று வீசியதா, பச்சைப் பால் குடித்தானா? பதில் ஆம் என்றால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்போம். 160 மடங்கு நீர்த்த பின்னும் ஒட்டித் திரண்டால் சந்தேகம் வலுக்கும். இரத்தத்தில் கிருமியையும் வளர்ப்போம். அது மெதுவாக வளர்வது, வழக்கமான சில நாட்களில் மூடிவிடாமல் வைத்திருங்கள் என்று ஆய்வுகூடத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அங்கே வேலை செய்பவர்களுக்கும் தொற்றக்கூடிய கிருமி என்பதால் அந்தச் சொல் அவர்களுக்கும் பாதுகாப்பு.

ஆனால் அந்தக் கேள்விக்கு அம்மாவிடமிருந்து நேரான பதில் வராது. அதை நாங்கள் பொய் என்று எண்ணுவதில்லை. மாட்டைச் சொன்னால் விற்கச் சொல்வார்களோ, வெட்டச் சொல்வார்களோ, பால் எடுப்பதை நிறுத்துவார்களோ என்ற பயம். அந்த ஒரு மாடுதான் பிள்ளையின் டியூஷன் காசு. வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு, சிங்களமும் ஆங்கிலமும் கலந்து கேட்டால் அவர் தலையை மட்டும் ஆட்டுவார். தோட்டத்துத் தமிழில், "உங்க மாடு எத்தன போத்தல் கறக்குது அக்கா?" என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் எல்லாக் கதையும் வரும். போன வருஷம் கன்று வீசியதும் அதில் வரும்.

மருந்து இருக்கிறது, பிள்ளைகள் பெரும்பாலும் முழுமையாகக் குணமடைகிறார்கள். ஒரு மருந்து போதாது, இரண்டு சேர வேண்டும். எட்டு வயதுக்கு மேல் டொக்சிசைக்கிளினும் ரிஃபாம்பிசினும், அதற்குக் கீழ் கோ-ட்ரைமொக்சசோலும் ரிஃபாம்பிசினும் என்பது வழக்கம். குறைந்தது ஆறு வாரம், எலும்பைப் பிடித்திருந்தால் இன்னும் நீளும். இரண்டாவது வாரத்தில் வலி போய்விடும், பிள்ளை ஓடுவான். அப்போது கிளினிக்குக்கு இன்னொரு நாள் வந்தால் ஒரு பேர் போய்விடும் என்று அம்மா கணக்குப் பார்ப்பார். அந்தக் கணக்கில் தவறில்லை. ஆறு வாரம் என்று எழுதிக் கொடுக்கும் நாங்கள்தான் அதையும் சேர்த்து எண்ண வேண்டும், முடிந்தால் ஒரே வருகையில் பல வார மருந்தைக் கொடுத்தனுப்ப வேண்டும். ரிஃபாம்பிசின் குடித்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும், இரண்டாம் முறை மூட்டு பழையபடி ஆகுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பாலைப் பற்றிப் பயம் வேண்டாம். பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். பால் தேத்தண்ணிக்குக் காய்ச்சும் நம் பழக்கம் நம்மை வெகுவாகக் காத்திருக்கிறது. பச்சைப் பால் பலம் என்று மடியிலிருந்து நேரே பிள்ளையின் வாயில் பீய்ச்சுவதை மட்டும் விடுங்கள். சீம்பாலையும் நன்றாக வேகவைத்தே கொடுங்கள். கன்று வீசினால் பிள்ளைகளைக் கொட்டிலுக்கு அனுப்பாதீர்கள். பையைக் கையில் மாட்டிக்கொண்டு நஞ்சுக்கொடியை நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். மிருக வைத்தியரிடம் சொல்லி இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். 4 முதல் 8 மாதப் பெண் கன்றுக்குத் தடுப்பூசி உண்டு, கேளுங்கள்.

நம்மில் ஆசிரியைகளாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றாக விளையாடிய பிள்ளை பீ.ரி. வகுப்பில் உட்கார்ந்தே இருந்தால், அடிக்கடி காய்ச்சல் லீவு எடுத்தால், அந்த இரண்டையும் ஒரு துண்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள். சவுதியிலும் குவைத்திலும் இருக்கும் நம் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். அந்நாடுகளில் இந்நோய் பரவலாக உண்டு. காய்ச்சாத ஒட்டகப் பாலும் ஆட்டுப் பாலில் செய்த புதுச் சீஸும் அங்கே முக்கிய வழிகள். ஊர் திரும்பி மாதங்கள் கழித்துக் காய்ச்சலும் முதுகு வலியும் வந்தால், எங்கே இருந்தீர்கள், என்ன பால் குடித்தீர்கள் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.