வயிற்றில் அடிபட்ட பிள்ளை: பெற்றோர் கவனத்திற்கு



பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்தால் முழங்கால் சிராய்ப்பைத்தான் முதலில் பார்க்கிறோம். ஹேண்டில் வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே காயமே இல்லாமல் உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். பிள்ளைகளின் விலா எலும்பு வளையக்கூடியது, வயிற்றுத் தசையும் மெல்லியது. அதனால் அடி நேரே உள்ளுறுப்புக்குப் போய்விடுகிறது.

வயிற்றுவலி, வாந்தி, முகம் வெளுத்தல், மயக்கம், இடது தோள்பட்டையில் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தைலம் தடவிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். ஸ்கேனும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள். வழியில் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

அங்கே டாக்டர், "ஆபரேஷன் வேண்டாம், கண்காணிப்போம்" என்றால் நம்மில் பலர் பதறுகிறோம். அது கைவிடுவதல்ல, அதுவே சிகிச்சை. முன்பெல்லாம் கிழிந்த மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். ஆனால் அது நோய்க்கிருமிகளை எதிர்க்கும் உறுப்பு. பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால் காத்திருப்பதே இன்றைய வழிமுறை. இரத்தம் ஏற்றியும் தேறாவிட்டால்தான் பெரும்பாலும் ஆபரேஷன்.

காயத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். தரத்தோடு 2-ஐக் கூட்டினால் வரும் வாரங்களுக்கு ஓட்டமும் விளையாட்டும் கூடாது என்பது பரவலான கணக்கு. 3-ஆம் தரம் என்றால் 5 வாரம். வலி நின்றுவிட்டதே என்று சைக்கிளைக் கொடுத்துவிடாதீர்கள். பள்ளிக்கும் மதரஸாவுக்கும் எப்போது அனுப்பலாம் என்பதை டாக்டரிடமே கேளுங்கள்.

இரத்தம் தேவைப்பட்டால் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள். நம் இளைஞர்கள் வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.