ஆசிரியர் உருவாகும் வழி



கௌதள்ளியில் வாழும் நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். வகுப்பில் அமர்ந்ததும் கன்னடம் கேட்கின்றனர். முதல் வகுப்புக் குழந்தை வாய் திறவாது இருந்தால், அது பாடம் விளங்காமையா, மொழி விளங்காமையா என்று கண்டறிய வேண்டியவர் ஆசிரியர். அந்தத் திறன் அவருக்கு எங்ஙனம் வாய்க்கிறது? இதனையே இன்று சிந்திக்க விழைகிறோம்.

சென்னையில் 1856ஆம் ஆண்டிலேயே அரசினர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர்ச் சைதாப்பேட்டைக் கல்லூரியாக வளர்ந்தது. எனினும், முதலில் பட்டம், அதன்பின் பயிற்சி என்பதே நாடெங்கும் வழக்கமாயிற்று. பட்டதாரிகளுக்குரிய அப்பயிற்சி நெடுங்காலம் ஓராண்டாகவே இருந்து, 2015இல் ஈராண்டாயிற்று.

மைசூரில் 1963இல் தொடங்கிய மண்டலக் கல்வியியல் கல்லூரி வேறு வழி கண்டது. அங்குப் பாட அறிவும் கற்பிக்கும் கலையும் நான்காண்டுகள் ஒருங்கே வளர்கின்றன. இயற்பியல் பயிலும் மாணவர், குழந்தையின் மனம் அதனை எவ்வாறு ஏற்கும் என்பதையும் உடன் பயில்கிறார். வளாகத்திலேயே மாதிரிப் பள்ளி உண்டு. பாடக்குறிப்பு எழுதுவதோடு அமையாது, வகுப்பில் நின்று கற்பித்துத் தம் குறையைத் தாமே உணர வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதன்றோ? 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இத்தகைய நான்காண்டுப் படிப்பையே வற்புறுத்துகிறது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. 1969இல் மைசூரில் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தன் தென்மண்டல மையத்தின் வாயிலாகப் பிற மொழி ஆசிரியர்களுக்குத் தமிழ், கன்னடம் முதலிய தென்னக மொழிகளைப் பத்து மாதப் படிப்பாகக் கற்பித்து வந்துள்ளது. கற்றறிந்த ஆசிரியருக்கே புதுமொழி பயிலப் பத்து மாதம் வேண்டுமெனில், ஆறு வயதுக் குழந்தைக்கு எத்துணைப் பொறுமை காட்டல் வேண்டும்! தாமே மாணவராய் அமர்ந்து தடுமாறிய ஆசிரியர், குழந்தையின் தடுமாற்றத்தை இகழார்.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் பொறியாளராகவும் மருத்துவராகவும் விளங்கட்டும், மகிழ்வோம். ஆயினும் கற்பிக்கும் ஆர்வமுடைய மகனையோ மகளையோ தடுக்காதீர்கள். மைசூர் நமக்கு எட்டாத் தொலைவன்று. தமிழும் கன்னடமும் நன்கறிந்து, முறையாகப் பயின்ற ஆசிரியர் ஒருவர் நம்மிடையே உருவாவாராயின், வாய் திறவாத குழந்தைகள் பலர் வாய் திறப்பர். அந்நாளைக் காண்பதே நம் சங்கத்தின் விருப்பமாகும்.