கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரு தமிழர்



ஜொகூரில் நான் பணிபுரியும் தோட்டப் பள்ளித் திடலில் மாலையில் பிள்ளைகள் காற்பந்து ஆடுவார்கள். வேகமாக ஓட முடியாதவனையும் எதிர்த்துப் பேசாதவனையும் பிடித்துக் கோல் கம்பத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வந்து, "சார், இனிமேல் நான் விளையாட வரமாட்டேன். ஆள் இல்லாத இடத்துக்குத்தான் என்னைப் போடுகிறார்கள்" என்றான். அன்று அவனுக்குச் சொன்ன வரலாற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆர். ஆறுமுகம் 1953ஆம் ஆண்டு கிள்ளான் துறைமுகத்தில் பிறந்தவர். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக விளங்கியவர். அவருடைய கைகள் மிக நீளமானவை. பந்து எங்கே பறந்தாலும் அந்தக் கைகள் அங்கே போய்விடும். அதனால் மக்கள் அவரை 'ஸ்பைடர்மேன்', அதாவது சிலந்தி மனிதன், என்று அன்போடு அழைத்தார்கள்.

கைகள் நீளமாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எவ்வளவு நீண்ட கையும் அதை முழுவதும் மறைக்காது. ஆகவே நல்ல காவலர் கோட்டிலேயே நிற்பதில்லை. பந்தோடு வருபவனை நோக்கிச் சில அடிகள் முன்னே செல்கிறார். அப்போது அடிப்பவன் கண்ணுக்குக் கோல் சுருங்கிவிடுகிறது. எப்போது முன்னேறுவது, எப்போது நிற்பது என்று நொடியில் முடிவு செய்ய வேண்டும். ஆகவே அது மூளைக்கும் நெஞ்சுரத்திற்கும் உரிய இடம்.

1980ஆம் ஆண்டு கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று நடந்தது. சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோர் தற்காப்பில் நிற்க, அவர்களுக்குப் பின்னே ஆறுமுகம் காவல் நின்றார். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்க, தென் கொரியாவை 2-1 என வென்றோம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் ஒன்றாகக் கட்டித் தழுவிக்கொண்ட இரவு அது.

ஆனால் நம் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அப்போட்டியைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற வாய்ப்பு, ஆட்டக்காரர்களின் குற்றம் ஏதுமின்றியே கைவிட்டுப் போயிற்று. எனினும் ஆறுமுகம் அதன் பின்னரும் நாட்டுக்காக ஆடினார்.

1988ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் கார் விபத்தில் அவர் மறைந்தார். வயது 35தான். 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் அந்தக் குழுவின் கதையைத் தழுவியது. அதில் வரும் கோல் காவலர் முத்துவைக் கண்டபோது, ஆறுமுகத்தைப் பார்த்திராத பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

இதையெல்லாம் கேட்ட என் மாணவன், "சார், எத்தனை அடி முன்னே வர வேண்டும்?" என்று கேட்டான். மறுநாள் மாலை இருவரும் திடலில் நின்று அளந்து பார்த்தோம். இப்போது கோல் கம்பத்தில் நிற்க எங்கள் பள்ளியில் போட்டி நடக்கிறது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! ஒரு பிள்ளையை ஓர் இடத்தில் நிறுத்தினால், அந்த இடத்தின் அருமையையும் சொல்லி நிறுத்துங்கள்.