மீண்டவர் கதையில் மெய்யும் புனைவும்

உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் அம்பாப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பாட்டில் வருவது நடந்ததா என்று எவரும் விசாரிப்பதில்லை. மாலையில் கதைக்கும்போது பிடிபட்ட மீன் ஒரு முழம் வளர்ந்தாலும் குற்றமில்லை. ஆனால், மீன் விற்ற காசைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தால் ஒரு சதமும் பிசகக் கூடாது. பாட்டுக்கு ஒரு நியாயம். கணக்குக்கு வேறொரு நியாயம்.

குடியிலிருந்தோ போதைப்பொருளிலிருந்தோ மீண்ட ஒருவர் தம் கதையை எழுதுகிறார். அது பாட்டா, கணக்கா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும் சேர்ந்தே புலனெறி வழக்கம் அமைகிறது என்பது தொல்காப்பியர் கருத்து. ஆகவே புனைவு நமக்குப் புதிதன்று, பழிக்கத் தக்கதுமன்று. தீய வழியில் உழன்ற அருணகிரிநாதர் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து வீழ்ந்தபோது முருகன் தாங்கிக்கொண்டான் என்பது கர்ணபரம்பரைக் கதை. திருப்புகழில் தம்மைத் தாமே நொந்துகொள்ளும் பாடல்களும் பல உண்டு. அங்கே வரும் 'நான்', பாடுகின்ற ஒவ்வொருவருமே. அதை எவரும் சாட்சியமாகக் கொள்வதில்லை.

சுயசரிதை அப்படியன்று. கவிஞர் கண்ணதாசன் 'வனவாசம்' நூலில் தம்மை 'அவன்' என்று படர்க்கையில் நிறுத்தி, தம் குறைகளைத் துணிந்து எழுதினார். வாசகர் அதை நாவலாக அல்ல, நடந்த வாழ்க்கையாகவே படித்தனர். அந்த நம்பிக்கைதான் சுயசரிதையின் முதல்.

அந்த முதலை இழந்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஃப்ரே. போதையிலிருந்து மீண்ட கதையாக 'எ மில்லியன் லிட்டில் பீசஸ்' என்ற நூலை 2003இல் வெளியிட்டார். 2005இல் ஒப்ரா வின்ஃப்ரே தமது வாசகர் வட்டத்துக்கு அதைத் தெரிவு செய்ய, இலட்சக்கணக்கில் விற்பனையானது. 2006 ஜனவரியில் 'த ஸ்மோக்கிங் கன்' இணையத்தளம் பொலிஸ் பதிவுகளைத் தேடிப் பார்த்தது. ஏறக்குறைய மூன்று மாதச் சிறைவாசம் என்று அவர் எழுதியிருந்தது, உண்மையில் சில மணிநேரத் தடுப்புக்காவலே. அதே மாதம் ஒப்ராவின் நிகழ்ச்சியில் அவர் புனைந்ததை ஒப்புக்கொண்டார். பதிப்பகத்தார் வாசகருக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் நேர்ந்தது.

மனிதர் தம்மை நல்லவராகக் காட்டப் பொய் சொல்வது வழக்கம். இவரோ தம்மைக் கெட்டவராகக் காட்டப் பொய் சொன்னார். ஏன்? பள்ளம் ஆழமானால் ஏறி வந்தவன் பெரியவனாகிறான். தன்னைப் பழிப்பதிலும் ஒரு தற்பெருமை ஒளிந்திருக்கலாம்.

ஞாபகம் பிசகலாம், பிறர் மானம் காக்கப் பெயரை மாற்றலாம். அவை மன்னிக்கத் தக்கவை. நடக்காததை நடந்ததாக எழுதுவது வேறு. ஏனெனில் அந்த நூலைக் கையில் எடுப்பவர்களில் ஒருவன் இன்னமும் குடித்துக்கொண்டிருப்பவன். அவன் தன்னை அதில் அளந்து பார்க்கிறான்.

எனக்குத் தெரிந்த கடற்றொழிலாளி ஒருவரிடம், குடியால் தெருவில் விழுந்து கிடந்து திருந்திய ஒருவரின் கதையை ஒருமுறை சொன்னேன். "நான் அந்த அளவுக்குப் போகல்ல, சேர்" என்று நிம்மதியாகக் கசிப்புக்குப் போய்விட்டார். பெரிய பள்ளத்தைக் காட்டி, அவருடைய பள்ளத்தை நானே மறைத்துவிட்டேன்.

சில வருடங்களின் பின் அவர் குடியை விட்டார். எப்படி என்று கேட்டேன். பங்குக் காசை மகள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பதைக் கண்டாராம். "அதைவிடப் பெரிசா ஒண்டும் நடக்கல்ல, சேர். பிறகும் ரெண்டு தரம் குடிச்சன். சொல்றதெண்டா அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார்.

குடிப்பவன் முதலில் தன்னிடமும் தன் வீட்டாரிடமும் பொய் சொல்லப் பழகுகிறான். அந்தப் பொய் நிற்கும் இடத்தில்தான் மீட்சி தொடங்குகிறது. அந்தக் கதையையே பொய்யாக எழுதினால், மீண்டது எதிலிருந்து?

புனைய விரும்புவோர் நாவல் எழுதட்டும், மகிழ்ந்து படிப்போம். 'இது என் வாழ்க்கை' என்று சொன்னால், அது பங்குக் கணக்கு. அந்த இரண்டு தரமும் அதில் இருக்க வேண்டும்.