மனோதத்துவ மாணாக்கருக்கு எந்தக் கம்ப்யூட்டர் பாஷை?



கல்லூரியில் மனோதத்துவம் படிக்க வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் பாஷை எதற்கு, வேண்டுமானால் எந்தப் பாஷை என்பதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

மனோதத்துவம் ஜோசியமல்ல. பலரிடம் சோதனை செய்து, கிடைத்த எண்களைக் கணக்கிட்டுத்தான் அது பேச வேண்டும். அப்படிப் பேசியவை யாவும் நிலைத்தனவா? 2008-ல் வெளியான 100 ஆராய்ச்சிகளைப் பல தேசத்து ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் செய்து பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் 97 சதவீதம் ருசுவானதாகச் சொல்லப்பட்டிருந்தன. மறு சோதனையிலோ 36 சதவீதமே தேறின. மற்றவையெல்லாம் மோசடி என்பது நம் அபிப்பிராயமல்ல. ஆனால் அச்சில் வந்ததற்காகவே எதையும் நம்பிவிடக் கூடாது என்பது விளங்குகிறதல்லவா?

1968-ல் தோன்றிய எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் சாதனம் பல கல்லூரிகளில் வழங்குகிறது. அதிலும் கட்டளை எழுத வழியுண்டு. என்றாலும் மாணாக்கர் பெரும்பாலும் பொத்தானை அழுத்தியே பழகுகிறார்கள். எதை எந்த வரிசையில் அழுத்தினாய் என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டால், அழுத்தியவருக்கே தெரியாது. போதாக்குறைக்கு அதற்கு விலையும் கொடுக்க வேண்டும்.

நியூஜிலாந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலையில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990-களில் ஆக்கிய ‘ஆர்’ என்னும் பாஷைக்கு விலையே கிடையாது. ஒவ்வொரு படியும் எழுத்தில் நிற்கும். எண்களும் அந்த எழுத்தும் கையில் இருந்தால், ஆசிரியர் செய்த தப்பை மாணாக்கனும் கண்டுபிடிக்கலாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் மனோதத்துவ மாணாக்கருக்கு இதையே கற்பிக்கிறார்கள்.

1991-ல் வெளிவந்த பைத்தானும் நல்ல பாஷைதான். திரையில் படங்காட்டி, பதில் சொல்ல எத்தனை நேரமாயிற்று என்று அளக்கும் சோதனைகளுக்கு அது மிக உதவும். ஆனால் எல்லோரும் சோதனைக் கருவி செய்யப் போவதில்லை. எண்களைக் கணக்கிடுவதோ எல்லோருக்கும் உண்டு. ஆகவே முதலில் ஆர். தேவைப்படுவோருக்குப் பிறகு பைத்தான். இரண்டையும் ஒரே வருஷத்தில் திணிக்க வேண்டியதில்லை.

“இவர்களுக்குக் கணக்கு வராது” என்று சிலர் சொல்லுகிறார்கள். சொல்லிக் கொடுக்காமலே வராது என்பது என்ன நியாயம்? சிவப்பு மையில் ‘பச்சை’ என்று எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் என்பவரின் 1935-ம் வருஷத்துச் சோதனையை வகுப்பிலேயே செய்யுங்கள். அவரவர் தடுமாறிய நேரத்தை அவரவரே ஆரில் படமாக வரையட்டும். தம்முடைய எண்கள் என்றதும் பயம் தானாகக் குறையும்.

தோழர்களே! நாம் சொல்வதையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு வகுப்பில் நடத்திப் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.