உறைமோரும் உரிமைப் பெயரும்



மாலையில் காய்ச்சி ஆற்றிய பாலில் சிறிது மோரை உறை ஊற்றி வைக்கிறாள் தாய். விடிவதற்குள் அது தயிராகிறது. பாலின் இனிப்பை உண்டு புளிப்பாக்கும் நுண்ணுயிர்களின் வினை அது. அந்நுண்ணுயிர்களின் பெயர்கள் மாறிவந்த வரலாற்றில் தமிழர்க்கு ஒரு படிப்பினை உண்டு.

1873-இல் ஆங்கில மருத்துவர் இலிசிட்டர், பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்க்குப் ‘பாக்டீரியம் இலாக்டிசு’ எனப் பெயரிட்டார். 1909-இல் அது ‘இசுட்ரெப்டோகாக்கசு இலாக்டிசு’ ஆயிற்று. மணி கோத்தாற்போன்ற வடிவால், தொண்டைப்புண் உண்டாக்கும் உயிர்களோடு ஒரே பேரினத்தில் அடைபட்டது. பின்னர் மரபுக்கூறுகளை ஒப்பிட்டபோது உறவு வேறெனத் தெரிந்தது. 1985-இல் ‘இலாக்டோகாக்கசு’ என்னும் தனிப்பேரினம் தோன்றிற்று. 2020-இல், ‘இலாக்டோபேசில்லசு’ என்னும் ஒரே பேரினத்துள் குவிந்து கிடந்த 261 சிற்றினங்கள், முழு மரபுத்தொகுதியும் ஒப்பிடப்பெற்று, 25 பேரினங்களாகப் பகுக்கப்பெற்றன.

இம்மாற்றங்கள் எவர் விருப்பத்தாலும் நிகழ்வன அல்ல. புதுப்பெயர் இடுவோர் சான்றுகளை இதழில் வெளியிடல் வேண்டும். புதிய சிற்றினமாயின், அதன் மூலவளர்ப்பை இருவேறு நாட்டுக் காப்பகங்களில் வைத்தலும் வேண்டும். முந்திய பெயருக்கே முதலுரிமை. பேரினப் பெயர் இருமுறை மாறியும், ‘பாலினது’ எனப் பொருள்படும் ‘இலாக்டிசு’ 1873 முதல் இன்றுவரை நிற்பது அந்நெறியாலன்றோ?

கண்ணுக்குத் தோன்றா உயிர்க்கே இத்துணைக் காப்பு! தயிருக்கோ?

2023-இல் இந்திய உணவுக் காப்பு, தரநிலை ஆணையம், தயிர் உறைகளில் ‘தகி’ எனப் பொறித்து, அவ்வம் மாநிலப் பெயரை அடைப்புக்குறிக்குள் இடுமாறு பணித்தது. குறுந்தொகையிலேயே வழங்கும் சொல் ‘தயிர்’. அதனை அடைப்புக்குறிக்குள் தள்ள என்ன சான்று காட்டப்பெற்றது? தமிழகம் கொதித்தெழுந்தது. ஆவின் ஏற்க மறுத்தது. மார்ச்சு 30-இல் ஆணை திருத்தப்பெற்றது. ஆயினும் ‘கர்டு’ முன்னிற்க, ‘தயிர்’ அடைப்புக்குறிக்குள் வரலாம் என்பதே அத்திருத்தம். இந்தி விலகிற்று, ஆங்கிலம் அமர்ந்தது, தமிழ் இருந்த இடத்திலேயே இருந்தது.

பெயர் மாற்றத்தைப் பகைப்பது தமிழர் கொள்கையன்று. உண்மை தெளிவுறுங்கால் பெயர் மாறுதல் அறிவு. அதிகாரத்தின் பொருட்டு மாறுதல் அடிமைத்தனம். தனித்தமிழில் கலைச்சொல் ஆக்குவோர்க்கும் இதுவே நெறி: பொருளை ஆய்க; முன்னோர் சொல் உண்டெனில் அதற்கே முதலிடம் தருக; பிழையெனக் கண்டால் தயங்காது திருத்துக.

உறைமோர் சிறிதாயினும் குடம் பாலையும் தயிராக்கும். ‘தயிர்’ என அடைப்புக்குறியின்றி எழுதும் உறுதி ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் அவ்வாறு பரவுக!

வெல்க தமிழ்!