யார் கையால் பிரிப்பது?



இதே சென்னையில் 1989-ல் எம்.பி. நிர்மல் எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பைத் தொடங்கினார். தெருக்காரர்களே மாதாமாதம் பணம் போட்டு, ஒரு மூன்று சக்கர வண்டியையும் அதை ஓட்ட ஓர் ஆளையும் அமர்த்திக்கொண்டார்கள். அவரைக் 'குப்பைக்காரர்' என்று சொல்லவில்லை. தெருவை அழகாக்குபவர் என்று பெயர் வைத்தார்கள். இன்று பேட்டரி வண்டியே வாசலுக்கு வருகிறது. நாம்தான் பின்னால் போய்விட்டோம்.

குப்பையைப் பிரித்துப் போடச் சொன்னால் என்ன பதில் வருகிறது? "வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே சார் கொட்டுகிறார்கள்?" சில இடங்களில் அப்படி நடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நாம் பிரிக்காத குப்பையையும் யாரோ ஒருவர் பிரிக்கத்தான் செய்கிறார். நாம் அருவருத்து இரண்டு விரலால் தூக்கிப் போடும் பைக்குள் அவர் கையையே விடுகிறார். உடைந்த டம்ளர் உள்ளே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு பால் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். அலசிக் காயவைத்தால் காயலான் கடையில் காசு. அதிலேயே மிச்ச ரசத்தை ஊற்றிக் கட்டிப் போட்டால், கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்கோ பெருங்குடிக் கிடங்குக்கோ போகிற சுமை. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்ததே, அந்தப் புகை யார் வீட்டுக் கவர் என்று பார்த்தா வந்தது? இன்னொன்று, கவரின் மூலையை வெட்டும்போது துணுக்கைத் துண்டாக்கிவிடாதீர்கள், ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். அந்தத் துணுக்கை எந்தக் கையாலும் பொறுக்க முடியாது. சின்ன விஷயம் என்று சிரிக்கிறீர்கள். என் வீட்டில் இதைப் பழக ஒரு மாதம் ஆனது!

வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே அப்போது சொல்லின. மக்குவது ஒன்று, மக்காதது ஒன்று, பேட்டரி, காலாவதி மாத்திரை, பெயின்ட் டப்பா போன்ற அபாயக் கழிவு ஒன்று. நாப்கினைத் தாளில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள், எடுப்பவருக்கு அது போதும்.

வண்டியில் கலந்து கொட்டினால் சண்டை போட நான் தயார். ஆனால் பிரித்துக் கொடுத்தவனுக்குத்தான் அந்தச் சண்டைக்கு உரிமை உண்டு. நாளைக் காலை வண்டி வரும்போது வீட்டுக்கு ஒருவர் பையோடு கீழே இறங்கி வாருங்கள். வருகிறவர் பெயர் என்ன என்றும் கேளுங்கள்.